பெஞ்சின் இரண்டாவது நாற்காலி: பெங்களூரில் கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளர் ஆவதற்கான முழு வழிகாட்டி

ஆட்டக் கடிகாரம் ஓடுவது 40 நிமிடம். அதற்காக ஓர் உதவிப் பயிற்சியாளர் எதிரணியின் 3 ஆட்டங்களைப் பார்த்து, வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு தாளில் எழுதி, களத்தில் நடத்திக் காட்டி முடிப்பதற்குள் 15 மணி நேரமாவது போய்விடும். அத்தனை உழைப்பிலிருந்தும் வீரரின் காதில் போய் விழ வேண்டியது நான்கைந்து வாக்கியம்தான். நிறையத் தெரிந்துகொண்டு கொஞ்சமாகச் சொல்லப் பழகுவதுதான் இந்த வேலையின் கடினம். இதற்கு வருகிற பலர் ஆட்ட அறிவில் குறைந்தவர்கள் அல்ல. தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடத் துடிப்பதால்தான் தடுமாறுகிறார்கள்.

தொழிலின் நிலவரத்தை முதலில் பார்த்துவிடலாம். 2015 முதல் 2017 வரை யு.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக் நடந்தது. பெங்களூரு பீஸ்ட், சென்னை ஸ்லாம் போன்ற அணிகள் அதில் ஆடின. பிறகு அது நின்றுபோனது. 2022இல் ஐ.என்.பி.எல். (இந்திய தேசியக் கூடைப்பந்து லீக்) வந்தது. பெங்களூரு கிங்ஸ், சென்னை ஹீட் என்று புதிய பெயர்கள் கிடைத்தன. இந்த லீக்குகளின் பருவம் குறுகியது. அதனால் இங்கே தொழில்முறை உதவிப் பயிற்சியாளர் என்பவர், ஆண்டின் ஒரு பகுதியில் லீக் அணியிலும் மீதி நாட்களில் பள்ளி, கல்லூரி, கிளப் ஆகியவற்றில் ஏதோ ஒன்றிலும் வேலை பார்ப்பவர். இதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுபவர்தான் பத்து ஆண்டுக்குப் பிறகும் களத்தில் நிற்பார்.

1. உள்ளே நுழைவது

மாநில அணிக்கு ஆடியிருந்தால் கதவு எளிதாகத் திறக்கும். ஆடவில்லை என்றால் வீடியோ அறை வழியாக வாருங்கள், அதுவும் நேர்வழிதான். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் மயாமி ஹீட் அணியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995இல் அந்த அணியின் வீடியோ அறையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். 2008இல் தலைமைப் பயிற்சியாளரானார். 2012, 2013 என அடுத்தடுத்து இரண்டு பட்டங்களை வென்றார். வீடியோ வெட்டுபவருக்கு எந்த அணியிலும் வேலை உண்டு, ஏனென்றால் அந்த வேலையைச் செய்யப் பலருக்குப் பொறுமை இல்லை.

அல்சூர், சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன், விவேக்நகர் பக்கம் வளர்ந்த தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பக்கத்திலேயே கண்டீரவா விளையாட்டரங்க வளாகம். மாநிலச் சங்கத்தின் போட்டிகள் அங்கே நடக்கும்போது பார்வையாளராகப் போகாமல் குறிப்பேட்டோடு போங்கள். 2017இல் ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) மகளிர் ஆசியக் கோப்பையே இந்த உள்ளரங்கில் நடந்தது. இந்திய அணி டிவிஷன் பி (இரண்டாம் நிலைப் பிரிவு) பட்டத்தை வென்றதும் இங்கேதான். நகரத்தின் பழைய கிளப்புகளில் ஒன்றை அணுகி, சம்பளம் பேசாமல், ஒரு சீசனுக்கு அவர்களுடைய எல்லா ஆட்டங்களையும் படம்பிடித்து மறுநாள் காலைக்குள் வெட்டித் தருவதாகச் சொல்லுங்கள். அந்த ‘மறுநாள் காலை’யில் ஒருமுறைகூடத் தவறாதீர்கள். தவறாமல் வந்து நிற்கும் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளர்கள் விடமாட்டார்கள்.

விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியும் பயன்படும். கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் கோடைத் தொடர் போன்ற அகில இந்தியப் போட்டிகளுக்கு ராணுவம், கடற்படை, வங்கி, ரயில்வே, மின்வாரிய அணிகள் வருகின்றன. ஐந்தாறு நாள் ஒரே மைதானத்தில் உட்கார்ந்து அத்தனை பேரையும் பார்த்துவிடலாம். லீக் அணிகளுக்கு வீரர்கள் போவது பெரும்பாலும் இந்தக் கூட்டத்திலிருந்துதான். ஒவ்வொரு வீரருக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதி வைத்தால், அணித் தேர்வு நேரத்தில் உங்களிடம் மட்டும் இருக்கும் சரக்கு அது.

2. சான்றிதழ்கள்

பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்கு அரசு, பல்கலைக்கழக வேலைகளில் நல்ல மதிப்பு உண்டு. 6 வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. பட்டயப் படிப்புக்கு ஓர் ஆண்டை ஒதுக்க முடியாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். எந்த மையத்தில் எந்த விளையாட்டுக்கு இடம் என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். அறிவிப்பை நேரடியாகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். உலகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கத்தின் நிலை 1, 2, 3 கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்றையும் முழுக்கப் படியுங்கள். அதோடு ஃபிபா விதிநூலையும் ஆண்டுக்கு ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். விதி தெரியாத உதவிப் பயிற்சியாளர் எவ்வளவு செலவு வைப்பார் என்பதைப் பெஞ்ச் பற்றிய பகுதியில் பார்க்கலாம்.

3. படம் பிடிப்பதும் வெட்டுவதும்

நடுக்கோட்டுக்கு நேராக, எவ்வளவு உயரத்தில் இடம் கிடைக்கிறதோ அங்கே முக்காலியை வையுங்கள். பந்து இருக்கும் அரைக்களத்தில் 10 வீரர்களும் எப்போதும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். பந்தைத் துரத்தி ஜூம் செய்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பந்தில்லாத பக்கத்தில் என்ன நடந்தது என்பதே பயிற்சியாளருக்கு வேண்டும். ஸ்கோர் பலகையை ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் 3 நொடி காட்டுங்கள். கைபேசியில் பிடிப்பதானால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும். 1080பி தரத்தில் ஒரு ஆட்டத்துக்கு 5 முதல் 12 ஜிபி வரை போகும் என்பதால் முன்கூட்டியே இடம் காலி செய்து, பவர் பேங்கையும் மாட்டிக்கொள்ளுங்கள். திறந்தவெளி சிமெண்ட் களத்தில் வெயில் நேரடியாக விழுந்தால் கைபேசி சூடேறி அணைந்துவிடும். ஒரு வெள்ளைத் துண்டை நிழலுக்குப் போட்டாலே போதும்.

வெட்டுவதற்குப் பெரிய அணிகள் ஹடில், சினெர்ஜி போன்ற கட்டணச் சேவைகளைப் பயன்படுத்துகின்றன. அது இல்லாவிட்டாலும் ஒரு விரிதாளும் ஒரு சாதாரண எடிட்டிங் செயலியும் வைத்துத் தொடங்கலாம். விரிதாளில் ஒரு வரிக்கு ஒரு பொசெஷன் (பந்து ஓர் அணியின் கைக்கு வந்து போகும் ஒரு முறை). எழுத வேண்டியவை ஆறு: கால்பகுதி, கடிகார நேரம், எப்படித் தொடங்கியது (டெட் பால் என்னும் ஆட்டம் நின்ற நிலை, தவறிய எறியைப் பிடிக்கும் ரீபவுண்ட், பந்து பறிப்பு), திட்டமிட்ட என்ன ஆட்டம் ஓடியது, முடித்தவர் யார், விளைவு என்ன. இதற்கு மேல் கட்டங்களைச் சேர்த்தால் மூன்றாவது ஆட்டத்திலேயே கை சலித்து எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள். முதன்முதலில் ஒரு ஆட்டத்தை வெட்ட நாலு மணி நேரம் ஆகும். பழகினால் இரண்டாகக் குறையும்.

4. எண்களில் எதைப் பார்ப்பது

எதிரணி சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற எண் ஏமாற்றும். வேகமாக ஆடும் அணிக்குப் பந்து அதிகமுறை கிடைக்கிறது. எனவே பொசெஷன் கணக்கிலிருந்து தொடங்குங்கள்: கூடைக்கு எறிந்த முயற்சிகள், அதோடு ஃப்ரீ த்ரோக்களின் (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிகள்) 0.44 மடங்கு, அதிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளைக் கழித்து, டர்ன்ஓவர்களை (எறியாமலே பந்தைத் தொலைத்தவை) கூட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. எதிரணி 70 முறை எறிந்தது, 20 ஃப்ரீ த்ரோ, 12 தாக்குதல் ரீபவுண்ட், 16 டர்ன்ஓவர், 75 புள்ளி. 70 + 8.8 − 12 + 16 = 82.8 பொசெஷன். நூறு பொசெஷனுக்கு ஏறத்தாழ 90.6 புள்ளி. அடுத்த ஆட்டத்தில் அதே எதிரணி 95 பொசெஷனில் 82 புள்ளி எடுத்தது என்றால் நூறுக்கு 86.3தான். கூடுதல் புள்ளி விட்டுக்கொடுத்த இரண்டாவது அணியே நன்றாகத் தடுத்திருக்கிறது. அந்த ஆட்டத்தின் வீடியோவைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு நான்கு கேள்விகள் போதும். எறிதல் எவ்வளவு பலன் தருகிறது (உள்ளே போன எறிகளோடு மூன்று புள்ளிக் கூடைகளில் பாதியைக் கூட்டி, மொத்த முயற்சியால் வகுக்க வேண்டும்), நூறில் எத்தனை பொசெஷனில் பந்தைத் தொலைக்கிறார்கள், தவறிய பந்துகளில் எத்தனையைத் திரும்பப் பிடிக்கிறார்கள், எவ்வளவு அடிக்கடி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகிறார்கள். மேலே சொன்ன அணி 28 கூடை போட்டு அதில் 7 மூன்று புள்ளி என்றால் (28 + 3.5) ÷ 70, அதாவது 45 சதவீதம். இந்த நான்கில் எதிரணி எதில் வாழ்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் தலைமைப் பயிற்சியாளரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள்.

5. ஒற்றைத் தாள் அறிக்கை

இதுதான் உங்கள் பெயரை உருவாக்கும் இடம். ஒரு ஏ4 தாள், அதுவும் ஒரு பக்கம் மட்டுமே. மேலே மூன்று முடிவுகள்: எதைப் பறிக்கிறோம், எதை விட்டுக்கொடுக்கிறோம், ரீபவுண்டில் யாரை மறிக்கிறோம். இரண்டாவதை எழுதத்தான் துணிச்சல் வேண்டும். எல்லாவற்றையும் தடுக்கிறேன் என்று எழுதிய அறிக்கை எதையும் தடுக்காது. ‘நடுவிலிருந்து இரண்டு புள்ளி எறியட்டும், மூலையிலிருந்து மூன்று கூடாது’ என்று எழுதினால் ஐந்து பேருக்கும் எங்கே நிற்பது என்று தெரியும்.

நடுவில் அதிகம் ஆடும் 8 வீரர்கள். ஒருவருக்கு இரண்டு வரிதான். முதல் வரி அவர் யார் என்பது: ‘இடது கை, இடப்பக்கமாகவே ஓட்டுவார், நின்று எறிவது சுமார்’. இரண்டாம் வரி நம் வீரர் என்ன செய்ய வேண்டும் என்பது: ‘வலப்பக்கம் தள்ளு, ஸ்கிரீனுக்குக் கீழே போ’ (ஸ்கிரீன் என்பது தடுப்பவரின் வழியில் எதிரணி வீரர் நின்று மறிப்பது). முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது மிகப் பரவலான குறை. படித்த வீரர் ‘சரி, இடது கை, அதுக்கு நான் என்ன பண்ணணும்?’ என்று நிற்பார்.

கீழே எதிரணி ஓடும் 4 அல்லது 5 திட்டமிட்ட ஆட்டங்கள், அவர்கள் வாயில் வரும் பெயரோடும் கைச் சைகையோடும். பக்கக் கோட்டிலிருந்தும் அடிக்கோட்டிலிருந்தும் பந்தைப் போடும்போது என்ன ஓடுகிறார்கள் என்பதைத் தனியாக வரையுங்கள். நெருக்கமான ஆட்டங்கள் அங்கேதான் முடிவாகின்றன.

பிக் அண்ட் ரோல் (ஒருவர் ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடையை நோக்கி உருளும் ஆட்டம்) தடுப்பை ஒவ்வொரு பந்தாளுக்கும் (பந்தை ஓட்டி வருபவர்) ஒரே சொல்லில் குறியுங்கள். உயரமான வீரர் பின்வாங்கிக் கூடையைக் காப்பது ‘டிராப்’. அவரே வெளியே வந்து ஒரு நொடி மறித்துத் திரும்புவது ‘ஹெட்ஜ்’. ஆளை மாற்றிக்கொள்வது ‘ஸ்விட்ச்’. நடுப்பக்கம் விடாமல் கோட்டோரமாகவே அடைப்பது ‘ஐஸ்’. டிராப் போட்டால் பந்தாளுக்கு நடுத்தூர எறி கிடைக்கும். அவர் அதில் கெட்டிக்காரர் என்றால் உங்கள் திட்டமே அவருக்குச் சோறு போடும். ஹெட்ஜ் போட்டால் பின்னால் ஒருவர் வந்து உருளும் வீரரை ஏந்த வேண்டும். அவர் அரை நொடி தாமதித்தால் நேரே டங்க். தடுப்பின் பெயரை எழுதும்போதே அதில் திறந்துபோகும் ஓட்டையை யார் அடைப்பார் என்பதையும் எழுதுங்கள்.

வீடியோக் கூட்டம் 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். 12 முதல் 15 துண்டு, ஒவ்வொன்றும் 10 நொடி போல. அதற்கு மேல் போனால் பின்வரிசையில் கைபேசி வெளிச்சம் தெரியும். அதே தடுப்பை நம் அணி சரியாகச் செய்த இரண்டு துண்டுகளைக் கடைசியில் வையுங்கள். தவறையே பார்த்துவிட்டுக் களத்துக்கு இறங்கும் அணி தயங்கித் தயங்கி ஆடும்.

6. பயிற்சிக் களத்தில்

பெங்களூரில் அரங்கு நேரம் கிடைப்பது அரிது. அதிகாலை 6 மணிக்கோ இரவிலோதான் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபர் மாலை மழை திறந்தவெளிப் பயிற்சியைத் தின்றுவிடும். எனவே ‘களம் இல்லாத நாள்’ திட்டம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்: 10 நிமிட வீடியோ, 20 நிமிடம் ஏதாவது கூரைக்கடியில் நடந்து காட்டும் பயிற்சி, பிறகு உடற்பயிற்சி.

தனிநபர் பயிற்சிதான் வீரர்களின் நம்பிக்கையைப் பெறும் வழி. அணிப் பயிற்சிக்கு 30 நிமிடம் முன்னால் ஒருவரோ இருவரோ போதும். ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் 10 கூடை உள்ளே போகும் வரை. எறிந்த எண்ணிக்கையை எண்ணாமல் போன எண்ணிக்கையை எண்ணுங்கள், அதற்கு எத்தனை எறி ஆனது என்பதை எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்குப் பிறகும் களத்தை ஒருமுறை ஓடிக் கடந்துவிட்டு இரண்டு ஃப்ரீ த்ரோ. மூச்சு வாங்கும்போது போடும் இரண்டுதான் ஆட்டத்தில் வரும் இரண்டு. பந்தைப் பொறுக்கி, சரியாக நெஞ்சுக்கு நேராகப் பாஸ் கொடுப்பது உங்கள் வேலை. மோசமான பாஸ் கொடுத்தால் வீரரின் எறி கெடும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் எறிவதால் தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்களும் வார்ம் அப் செய்யுங்கள்.

மொழி இங்கே ஒரு கருவி. ஒரே அணியில் கன்னடம், தமிழ், மலையாளம், இந்தி, பஞ்சாபி, அதோடு வெளிநாட்டு வீரர் ஒருவர். ஆட்டத்தின் நடுவே கத்தும் சொற்கள் எல்லோருக்கும் ஒன்றாக, ஒரே ஓரசைச் சொல்லாக இருக்க வேண்டும். ‘ஐஸ்’, ‘ரெட்’, ‘பால்’ போதும். ஆனால் தனியாக விளக்கும்போது அவரவர் மொழிக்கு இறங்குங்கள். ‘எடக்கே’, ‘பலக்கே’, ‘பேக’ அளவுக்காவது கன்னடம் வராமல் இந்த ஊரில் பயிற்சியாளராக முடியாது. தமிழ் வீரர்களிடம் மட்டும் தமிழில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் ‘கோச் அவங்க ஆளு’ என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பேச்சு ஒரு அணியைப் பிளக்கப் போதுமானது.

7. பெஞ்சில்

ஃபிபா விதிப்படி ஆட்டத்துக்கு 40 நிமிடம் முன்பே வீரர்கள், கேப்டன், தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவிப் பயிற்சியாளர் பெயர்ப் பட்டியல் ஸ்கோரரிடம் போக வேண்டும். எண் மாறிய ஜெர்சியால் வரும் கலவரம் முழுக்க உதவிப் பயிற்சியாளர் கணக்கில்தான் விழும். உடை மாற்றும் அறையிலேயே ஜெர்சியையும் தாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 10 நிமிடம் முன்னால் தலைமைப் பயிற்சியாளர் முதல் ஐவரைக் குறித்துக் கையெழுத்திடுவார்.

ஆட்டம் ஓடும்போது தலைமைப் பயிற்சியாளரோ முதல் உதவிப் பயிற்சியாளரோ, இருவரில் ஒருவர்தான் நிற்கலாம். அவர் நின்றால் நீங்கள் உட்காருங்கள். பெஞ்சில் யார் எழுந்து கத்தி டெக்னிக்கல் (நடத்தைக்கான ஃபவுல்) வாங்கினாலும் அது தலைமைப் பயிற்சியாளர் பெயரில் பதிவாகும். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் போகும். இப்படி மூன்று சேர்ந்தால் அவர் வெளியே போக வேண்டியதுதான். அவருடைய சொந்த நடத்தைக்கு என்றால் இரண்டே போதும்.

டைம்அவுட் கேட்கும் உரிமை இவர்கள் இருவருக்கும் மட்டும் உண்டு. ஸ்கோரர் மேசைக்குப் போயோ, அவர் கண்ணைப் பார்த்தோ, கைச் சைகையோடு தெளிவாகக் கேட்க வேண்டும். ஆள் மாற்றத்தை மட்டும் நீங்கள் கேட்க முடியாது. உள்ளே போகப்போகும் வீரரே மேசைக்குப் போக வேண்டும். பயிற்சியாளர் இங்கிருந்து ‘சப், சப்’ என்று கத்துவதில் ஒரு பயனும் இல்லை. வீரரைக் கிளப்பி அனுப்புவதுதான் உங்கள் வேலை.

மடியில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். இரு அணிகளின் ஃபவுல், ஒவ்வொரு வீரரின் ஃபவுல், மீதி டைம்அவுட். ஒரு கால்பகுதியில் அணி ஃபவுல் 4 ஆனதும் தலைமைப் பயிற்சியாளர் காதில் சொல்லிவிடுங்கள், ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பாதிக்கு 2 டைம்அவுட், இரண்டாம் பாதிக்கு 3. ஆனால் நான்காம் கால்பகுதியில் கடைசி 2 நிமிடத்துக்குள் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றையும் சேமித்து வைத்தால் ஒன்று வீணாகப் போகும். கடிகாரம் 3 நிமிடத்தைத் தொடும்போது மூன்றும் கையில் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

அந்தக் கடைசி 2 நிமிடத்தில், பின்களத்தில் (தாங்கள் காக்கும் கூடை இருக்கும் பாதி) பந்து உரிமையோடு டைம்அவுட் எடுத்தால், முன்களத்திலிருந்தா பின்களத்திலிருந்தா பந்தைப் போடுவது என்று பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கலாம். எதிரணி கூடை போட்ட பிறகு என்றால் முன்களத்தில் ஷாட் கிளாக் (கூடைக்கு எறிந்துவிட வேண்டிய நேரம்) 14 நொடி, பின்களத்தில் 24. முன்னிலையில் இருந்து நேரத்தைக் கடத்த வேண்டிய அணி பழக்கதோஷத்தில் முன்களம் கேட்டு 10 நொடியைத் தானே தொலைப்பது உண்டு. இந்தக் கேள்வி வருமுன்பே விடை உங்கள் வாயில் இருக்க வேண்டும்.

டைம்அவுட் ஒரு நிமிடம். 50 நொடியில் மணி அடிக்கும். வீரர்கள் உட்காருவதற்குள், முதல் 10 நொடியில் நீங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லலாம்: ‘அவங்க 7ஆம் நம்பர் நாலு ஃபவுல், அவர்மேல ஓட்டலாம்.’ பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு குரல் கேட்டால் வீரர் எதையும் கேட்கமாட்டார்.

8. இரு பக்கத்துக்கும் நடுவில்

கருத்து வேறுபாட்டைக் கூட்ட அறையில் முழுசாகச் சொல்லுங்கள், காரணத்தோடும் துண்டுப் படத்தோடும். கதவைத் திறந்து வெளியே வந்தபின் முடிவு உங்களுடையது போலவே பேசுங்கள். வீரர்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் போகாமல் உங்களிடம்தான் வருவார்கள். ‘அண்ணா, என்னை ஏன் இறக்கல, சார் கிட்ட நீங்க சொல்லுங்கண்ணா’ என்பது வாரம் ஒருமுறை வரும். ‘நான் பேசி இறக்கிவிடுறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘தடுப்புல பின்னால திரும்புறது தாமதமாகுது, நாளைக்கு காலைல அரை மணி முன்னாடி வா, பாக்கலாம். சார் கிட்ட நீயே கேளு, நான் கூட வரேன்’ என்பது நேர்மையான பதில்.

அகாடமியிலோ பள்ளியிலோ சிறார்களோடு வேலை என்றால் சில கட்டுப்பாடுகளைக் கடுமையாகப் பிடியுங்கள். தனியறையில் தனியாகப் பயிற்சி வேண்டாம். இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்கட்டும். செய்திகள் பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். வெளியூர்ப் பயணத்தில் பெண்கள் அணியோடு பெண் மேலாளர் கட்டாயம் வேண்டும்.

9. ஒப்பந்தம்

வாய்மொழி உறுதியோடு எந்த சீசனையும் தொடங்காதீர்கள். தாளில் இருக்க வேண்டியவை: பயிற்சி முகாம் தொடங்கும் நாளிலிருந்து கடைசி ஆட்டம் வரை தேதிகள், தவணை நாட்கள், பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் செலவு, லீக் பாதியில் நின்றால் என்ன கிடைக்கும், தலைமைப் பயிற்சியாளர் மாற்றப்பட்டால் உங்கள் நிலை என்ன. கடைசி இரண்டையும் கேட்கக் கூச்சப்பட்டவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள். நீங்கள் வெட்டிய வீடியோவும் எழுதிய குறிப்புகளும் யாருக்குச் சொந்தம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். லீக் இல்லாத மாதங்களுக்குக் கல்லூரி அணியோ சர்வதேசப் பள்ளியோ இந்த நகரத்தில் கிடைக்கும். அவர்களிடமும் லீக் மாத விடுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

10. தலைமைப் பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டால்

2020 டிசம்பர் 30 அன்று லேக்கர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் சான் அன்டோனியோ அணியின் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் இரண்டாம் கால்பகுதியில் வெளியேற்றப்பட்டார். உதவிப் பயிற்சியாளர் பெக்கி ஹேமன் பொறுப்பேற்றார். என்.பி.ஏ. வழக்கப் பருவ ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளராகச் செயல்பட்ட முதல் பெண் அவர். எந்த ஆட்டத்திலும் இது முன்னறிவிப்பில்லாமல் வரும். ஃபிபா விதியிலும் அந்தக் கணமே பொறுப்பு முதல் உதவிப் பயிற்சியாளருக்கு மாறுகிறது.

அதற்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஒரு சிறு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி 5 நிமிட ஐவர் யார், ஒரு புள்ளி பின்தங்கினால் எந்த ஆட்டம், மூன்று புள்ளி வேண்டுமென்றால் எந்த ஆட்டம், முன்னிலையில் இருந்தால் ஃப்ரீ த்ரோவுக்கு யார் கையில் பந்து. காலையிலேயே தலைமைப் பயிற்சியாளரிடம் காட்டிச் சரிபாருங்கள். பொறுப்பு மாறிய உடனே ஆள் மாற்றம் செய்யாதீர்கள், களத்தில் இருக்கும் ஐவர் அப்படியே இரண்டு பொசெஷன் ஆடட்டும். மடி அட்டையைப் பக்கத்தில் உள்ள இரண்டாவது உதவிப் பயிற்சியாளரிடம் கொடுத்து, ஃபவுலும் டைம்அவுட்டும் எத்தனை என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள்.